ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தல்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக்கிடம் ஸ்கூட்டரை விட்டிருந்தேன். பிரேக் ஆயிலுக்குள் காற்று புகுந்திருந்தது. "அக்கா, செத்த நேரம் பிரேக்க அமுக்கிப் புடிங்க. நான் சொன்ன பொறவு விடுங்க" என்றார். பிடித்தேன். கீழே அவர் திருகைத் தளர்த்த, ஆயில் குமிழ் குமிழாக வந்தது. கை துடைக்க அவர் எடுத்தது பேண்டேஜ் துணி. அதன் வெளுப்பு மருந்து வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாகப் பிடியை விட்டுவிட்டது.

"நான் விடச் சொல்லலியேக்கா." காற்று மறுபடி உள்ளே போயிருந்தது.

எங்கள் இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஓரம் பிசகியது, கறை பட்டது எல்லாம் மூட்டையாக வீடுகளுக்கு வந்துவிடும். அதில்தான் மோர் வடிகட்டுவோம், ஜன்னலுக்குக் கொசுவலை கட்டுவோம், சைக்கிள் துடைப்போம். கல்லூரிக்குப் போகும்வரை, துடைக்கிற துணி என்றால் உலகம் முழுக்க அதுதான் என்று நினைத்திருந்தேன்.

கல்லூரியில் எங்கள் விமானப் பொறியியல் துறைக்கு ஒரு விமானம் இருந்தது. இரண்டு பேர் உட்காரும் பழைய பயிற்சி விமானம். பறக்க அனுமதி கிடையாது. எஞ்சினை ஓட்டிப் பார்ப்போம், கொட்டகைக்கு முன்னால் சிமெண்ட் தளத்தில் கொஞ்ச தூரம் உருட்டுவோம். கடைசி வருடத்தில் அதன் பிரேக்கிலிருந்து காற்றெடுக்கும் வேலை எனக்கும் ராமலட்சுமிக்கும் வந்தது. அவள் செட்டியார்பட்டிக்காரி. அவள் அம்மா பேண்டேஜ் கம்பெனியில் சுருள் சுற்றுகிறவர். விமானங்களைப் பழுது பார்க்கும் பெங்களூர் நிறுவனம் ஒன்று ராமலட்சுமியை வேலைக்கு எடுத்திருந்தது. உடற்தகுதிச் சோதனை மட்டும் பாக்கி. "எங்க வீட்ல நாலு பேரு மிலிட்டரி. துப்பாக்கி தூக்காம வெளியூர் வேலைக்குப் போற மொத ஆளு நாந்தான்ட்டி" என்பாள்.

நான் பட்டியல் பைத்தியம். பிரேக் வேலைக்குப் பதினான்கு வரிகள் எழுதி, பதிவேட்டில் ஒட்டியிருந்தேன். "இவ குளிக்கப் போனாலும் தண்ணி, சோப்பு, துண்டுன்னு டிக் அடிச்சுட்டுத்தான் போவா" என்று வகுப்பெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் நான் ஒருநாளும் துண்டை மறந்ததில்லை.

ஸ்கூட்டரில் ஆயிலை மேலிருந்து கீழே தள்ளுகிறோம். அந்த விமானத்தில் தலைகீழ். சக்கரத்தின் அருகே குழாயைச் செருகிச் சிவப்பு ஆயிலை மேலே ஏற்ற வேண்டும். குமிழ்கள் பெடல் பக்கம் வந்து வெடிக்கும். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் போனபோது நூல் பிரியாத துணி தீர்ந்துவிட்டது. ராமலட்சுமி டிபன் பாக்ஸில் சுற்றியிருந்த பேண்டேஜ் துணியை உருவினாள்.

"நூல் பிரியுமேட்டி" என்றேன்.

"ஆப்ரேசன்ல வயித்துக்குள்ளயே வைக்காக. இதுக்கு ஆவாதாக்கும்?"

குழாயின் நுனியை அவள் அந்தத் துணியால் துடைத்துச் செருகினாள்.

பதினான்காவது வரி: பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தல், இறங்கக் கூடாது. இருக்கையில் ஏறி மிதித்தேன். கல் மாதிரி நின்றது. எண்ணத் தொடங்கினேன். கிருஷ்ணன்கோவில் வழியாகப் போகும் கல்லூரிப் பஸ் ஹாரன் அடித்தது. "ஏட்டி, பஸ்ஸ விட்ருவோம்" என்று கீழேயிருந்து அவள் கத்தினாள். இருபத்தைந்தில் காலை எடுத்தேன். டிக் போட்டேன்.

மறுநாள் காலை எங்கள் கொட்டகை ஃபோர்மேன் சார் உள்ளே அமர்ந்து, பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை ஓட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ராமலட்சுமி வலது சக்கரத்துக் கட்டையை எடுத்தாள். இடது பக்கக் கட்டை இறுகியிருந்ததால் விரல்களை அடியில் கொடுத்து நெம்பினாள். கட்டை வெளியே வந்தது. அதன் பின்னாலேயே சக்கரமும் வந்தது. மெதுவாகத்தான் நகர்ந்தது. எஞ்சின் சத்தத்தில் அவள் வாய் திறந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது.

வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவள் அம்மா அழவில்லை. கட்டுத் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது எங்க கம்பெனிச் சுருளு" என்று மட்டும் சொன்னார்.

பிரேக்கைக் கழற்றிய ஃபோர்மேன் சார், உள்ளே ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த நூலை இடுக்கியில் தூக்கிக் காட்டினார். "இம்புட்டு நூலு. அதான் ஆயில் கசிஞ்சு, கொஞ்ச நேரத்துல பெடல் எறங்கிருக்கு." காரணம் கிடைத்துவிட்டது. நான் எதுவரை எண்ணினேன் என்று யாரும் கேட்கவில்லை.

மெக்கானிக் இரண்டாம் முறை காற்றெடுத்து முடித்தார். "போதும்க்கா, விடுங்க" என்றார். அறுபது வரை எண்ணிவிட்டு விட்டேன்.

ராமலட்சுமி இப்போது ஒரு மில் அலுவலகத்தில் இருக்கிறாள். இடது கையால் எழுதுகிறாள். அவள் அம்மா சுருள் சுற்றும் வேலையை விட்டுவிட்டார். போன வருடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். நான் வாயெடுக்கும் முன்னே அவள், "அந்தத் துணிய நான் கொண்டாந்திருக்கக் கூடாதுட்டி. ஒன் பேரும்லா கெட்டுப் போச்சு" என்றாள். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கொட்டகை கம்ப்யூட்டர் அறையாகிவிட்டது. விமானத்தை அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்களாம். பழைய பதிவேடுகளும் அதே லாரியில் போயின என்கிறார்கள். பதினான்காவது வரிக்கு நேரே என் டிக் அதில்தான் இருந்தது.