ரிஜெக்ஷன் கட்டத்தில் அத்தை

எங்கள் அத்தையின் உயரத்துக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு ரப்பர் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் காண்ட்ராக்ட் லேபர். மேல் தட்டிலிருந்த பெட்டியை ஸ்டூல் போடாமல் அவள் எடுத்ததைப் புதிதாக வந்திருந்த மேனேஜர் பார்த்துவிட்டார். அவருக்குக் கூடைப்பந்துப் பைத்தியம். கம்பெனிகளுக்குள் நடக்கும் பெண்கள் போட்டிக்காக டீம் சேர்த்துக்கொண்டிருந்தார். பந்தாடுவதையே பிழைப்பாக வைத்திருந்த பெண்களைச் சென்னையிலிருந்து சம்பளம் பேசி அழைத்துவந்து, கழுத்தில் கம்பெனி அட்டையையும் மாட்டிவிட்டிருந்தார். ஆள் போதாத இடத்துக்கு அத்தை.

கப் அடித்தால் டீமில் இரண்டு பேரை பர்மனன்ட் ஆக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்தார். அதைக் கேட்டு வீட்டில் அப்பாவும் ஒரு வாக்குக் கொடுத்தார். மனைவியை இழந்த பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர், அத்தையைவிட ரொம்பவே மூத்தவர், உயரத்தைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்.

"நீ பர்மனன்ட் ஆயிட்டின்னா அந்தப் பேச்ச நான் எடுக்கவே மாட்டேன்" என்றார் அப்பா.

அந்த மனிதருக்குக் கழுத்தை நீட்ட அத்தைக்கு இஷ்டமில்லை. அதனால் உயிரைக் கொடுத்து ஆடினாள்.

ஃபைனலுக்கு வீட்டோடு போயிருந்தோம். எனக்கு ஏழு வயது. எதிர் டீமில் ஒருத்தி இருந்தாள், அவளும் சம்பளத்துக்கு ஆடுகிறவள்தான். அவள் கைக்குப் பந்து போனால் அடுத்தது கூடைதான் என்று சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் டீம் கோச் அத்தையிடம் ஒரே ஒரு வேலைதான் சொன்னார்.

"நீ பந்தப் பாக்காத. அவளப் பாரு. அவ எங்க போனாலும் கூடவே போ."

அத்தை போனாள். அவளைத் திரும்பவிடவில்லை, எம்பவிடவில்லை. இடித்தாள், இடி வாங்கினாள், சிமென்ட் தரையில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அந்தப் பெண் ஆத்திரம் தாங்காமல் பந்தை ஓங்கித் தரையில் அடித்தாள். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போய்விட வேண்டும். அத்தைக்கு ஐந்தாவது விழுந்தபோது ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாள். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் எங்கள் டீம் ஜெயித்தது. கோச் ஓடிவந்து முதலில் கைகொடுத்தது அத்தைக்குத்தான். அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குதித்தார்.

கப் வந்த கையோடு மேனேஜருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கோச்சும் சென்னைக்குப் போய்விட்டார். யாரை பர்மனன்ட் ஆக்குவது என்ற வேலை பர்சனல் ஆபீசர் தலையில் விழுந்தது. அவருக்குக் கூடைப்பந்து தெரியாது. அவருக்குத் தெரிந்தது போர்டு. லைனில் வேலை செய்கிற ஒவ்வொருவர் பேருக்கும் நேராக, தேறிய சரக்கு எத்தனை, கழித்துப்போட்ட சரக்கு எத்தனை என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எழுதிப்போடுகிற போர்டு. ஃபைனலின் கணக்கையும் அவர் அதிலேயே எழுதவைத்தார். போட்ட புள்ளியெல்லாம் ப்ரொடக்ஷன். ஃபவுலும், கைநழுவவிட்ட பந்தும் ரிஜெக்ஷன். இப்படி ஒரு யோசனை வேறு எந்த ஊரிலாவது எவனுக்காவது வருமா?

ஆயுத பூஜை அன்று மட்டும் லேபர்களின் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. நான் நேராகப் போய் போர்டின்முன் நின்றேன். அத்தை பேருக்கு நேராக ப்ரொடக்ஷன் இரண்டு, ரிஜெக்ஷன் ஒன்பது. ரிஜெக்ஷன் கட்டத்தில் எல்லோரையும்விடப் பெரிய எண் எங்கள் அத்தையுடையதுதான். பள்ளிக்கூட மார்க்கைத் தவிர வேறு கணக்கு அறியாத நான் கத்தினேன்.

"எங்க அத்ததான் ஃபர்ஸ்ட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அதனால் இன்னொரு தரம் கத்தினேன்.

பொரியும் சுண்டலும் கொடுத்த பிறகு பர்சனல் ஆபீசர் இரண்டு பெயர்களைப் படித்தார். இரண்டு பேருமே அதிகப் புள்ளி போட்ட சென்னைப் பெண்கள். மெஷினை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூட அறியாதவர்கள். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

"சார், அந்த டீம் பொண்ண பந்து போடவுடாம புடிச்சிகினு இருந்ததே எந் தங்கச்சிதான் சார். கோச்சயே கேளுங்க."

ஆபீசர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. மரியாதையாகவே சொன்னார்.

"இருக்கலாம்ப்பா. ஆனா அது இதுல எங்க இருக்கு? காட்டுங்க."

அப்பா போர்டின்மேல் விரலை வைத்து வரிவரியாகத் தேடினார். அவருக்குப் படிக்க வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நானும் எக்கி எக்கி ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன். எதிராளி போடாமல் போன பந்துக்குக் கட்டம் ஏது?

"வாண்ணா, போலாம். கொயந்த இன்னும் பொரி துன்னல" என்று அத்தை அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அடுத்த வாரமே பள்ளிப்பட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். உயரத்தைப் பற்றிக் கவலையில்லை என்றவர்கள்தான். இருந்தாலும் அத்தையைப் பாயைவிட்டு எழுந்திருக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். மாப்பிள்ளை டீயை மட்டும் பார்த்துக் குடித்தார். அவருடைய தங்கை வாயாடி. அவள்தான் பேச்சுக் கொடுத்தாள்.

"எங்க நைனா சொன்னாரு, நீ பந்தாடி கப்பெல்லாம் வாங்கினியாமே?"

அத்தை மேட்ச் கதையைச் சொல்லப்போகிறாள் என்று நான் குஷியாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அதெல்லாம் இல்லீங்க. ஆடறது அவுங்கதான். நான் சும்மா நின்னுகினு இருப்பேன்" என்றாள் அத்தை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பொய்யி! பொய் சொல்ற!" என்று கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அன்று முழுக்க அத்தையோடு காய் விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை, கம்பெனி தன்னைப் பற்றி எழுதிப்போட்டதைத்தான் அப்படியே ஒப்பித்தாள் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்?