ஆக்னஸ் வைத்திருந்த குறை நோட்டு

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் ஆக்னஸின் தம்பி சேவியர். "வசந்தாக்கா, அக்கா போயிட்டாங்க" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல்தான். நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பியைத் தடுத்தும் வைத்திருக்கிறார். இடையில் வந்த சனிக்கிழமை அவர் வழக்கம்போல் கோயில் பின்கூடத்துக்கு வராதபோது, "ஏதோ வேலை இருக்காம்" என்று வந்த சேதியை நம்பி, அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே அவர் வேலையையும் நானே பார்த்தேன். ஆக்னஸை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஊரார் குறையையெல்லாம் வார்த்தை மாறாமல் எழுதி வைப்பார். தன் குறையைச் சொல்ல மட்டும் வாய் வராது.

அவரிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. நான்கு வருடமாக அடுத்த சனிக்கிழமை கேட்கலாம், அடுத்த சனிக்கிழமை கேட்கலாம் என்று தள்ளிப் போட்டுவிட்டேன். இனி வழியில்லை என்பதால், அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். நான் உங்கள் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. ஆனால் சனிக்கிழமை பிற்பகல்களில் கோயிலின் பின்கூடத்தில் ஒரு டிவியையும் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்த பெண்ணை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது நான்தான்.

எழுபதுகளின் நடுவில் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். நான் புரோகிராம் எழுதுபவள். நான் தாளில் எழுதிக் கொடுப்பதை ஒருவர் அட்டையில் துளையிட்டு அடிப்பார். அதே தாளைப் பார்த்து ஆக்னஸ் மறுபடியும் அடித்துச் சரிபார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். முதல் வாரமே என் தாள்களைக் கட்டாகத் திருப்பி அனுப்பினார். ஆங்கில 'ஓ' எழுத்தோடு குழம்பாமல் இருக்க, பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும் என்பது எங்கள் விதி. ஒரே ஒரு பூஜ்யத்தில் நான் போடவில்லை. "பார்த்தாலே பூஜ்யம்னு தெரியுதே" என்று நேரில் போய்ச் சண்டை பிடித்தேன். "எனக்கும்தான் தெரியுது. ஆனா யூகிச்சு அடிக்கிறது என் வேலை இல்ல" என்றார். அன்று மாலை ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீடு திரும்பினோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சொந்தமாக ஒரு சின்ன கம்ப்யூட்டர் வாங்கினேன். டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும், புரோகிராமைக் கேசட்டில் பதிந்துவைக்க வேண்டும். அதில் 'கடைவீதி' என்று ஒரு வியாபார விளையாட்டு எழுதினேன். நீங்கள்தான் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடை முதலாளி. இன்றைக்கு எத்தனை தேங்காய், எவ்வளவு பூ, என்ன விலை, எத்தனை வேலையாள் என்று தினமும் முடிவு செய்ய வேண்டும். மழை பெய்யும், காய்கறி அழுகும், எதிரே போட்டிக் கடை முளைக்கும். முப்பது நாள் தாக்குப்பிடித்தால் வெற்றி. இதை யாராவது வாங்கி விற்க முன்வந்தால் வேலையை விட்டுவிட்டு இதே தொழிலாக இருந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசை எனக்கு எவ்வளவு இருந்தது என்பது ஆக்னஸ் ஒருவருக்குத்தான் தெரியும்.

முதன்முதலில் விளையாடியவரும் அவர்தான். ஆறு நாள் ஒழுங்காகக் கடை நடத்தினார். ஏழாம் நாள் எல்லாச் சரக்குக்கும் பூஜ்யம் என்று அடித்தார். சரக்கே எடுக்காத முதலாளி கடையை இழுத்து மூடிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, உங்கள் வியாபாரம் முடிந்தது என்று காட்டி விளையாட்டு நின்றுவிட்டது.

"ஏன் பூஜ்யம் போட்டே?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை. பூசைக்குப் போகணும். கடை லீவு."

"இது கேம் லா, ஆக்னஸ்."

"கேம்ல இருக்கிறவன் பூசைக்குப் போகக்கூடாதா?"

பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். பிறகு விளையாட வந்த உங்கள் பங்கைச் சேர்ந்த நான்கு பேரும், ஒருவர் பின் ஒருவராக, ஏழாம் நாள் பூஜ்யம் போட்டுக் கடையை இழந்தார்கள். அதற்கப்புறம் வந்த எங்கள் ஆட்கள் இருவர் தைப்பூசத்துக்குக் கடையை மூட வழியில்லையா என்று கேட்டார்கள். விடுமுறை என்ற ஒன்றைப் புதிதாக நுழைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

பின்கூடத்தை ஃபாதரிடம் கேட்டு வாங்கியவரும், குறை எழுத ஒரு நோட்டைத் தொடங்கியவரும் ஆக்னஸ். இடப்பக்கம் விளையாடியவரின் கருத்து, வலப்பக்கம் என் பதில். யார் எது சொன்னாலும் சொன்னபடியே எழுதுவார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "வேற?" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நான் பல்லைக் கடித்த நாட்கள் அதிகம். போகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் குறை கேட்டால் யார்தான் சொல்ல மாட்டார்? பஃப்பலோ ரோட்டில் பூக்கட்டும் அம்மா ஒருவர், "வெள்ளிக்கிழமை மல்லிகைக்கு இதுவா விலை? இத எழுதினவங்க பூ வாங்கினதே இல்ல" என்றார். ஒரு பஸ் ஓட்டுநர், "மழை பேஞ்சா தேங்காய் ஏன் விக்காது? மழைன்னா வீட்டுல சமைக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். இன்னொரு அம்மாவின் கருத்து இது: "தினம் எங்க கடையில நான் படுறதுதான் இது. இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?" வேலையாட்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வைத்திருந்தேன். பெயர் வேண்டும் என்று ஆக்னஸே ஒரு குறை எழுதினார். வேலு, காசிம், அந்தோணி என்று வைத்தேன்.

நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் எழுத மாட்டார். ஏன் என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். "நல்லா இருக்குன்னு சொல்றவங்க வீட்டுக்குப் போற அவசரத்துல இருக்கிறவங்க" என்றார்.

எண்பத்தைந்தில் எங்கு பார்த்தாலும் ஆட்குறைப்பு. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த மரியதாஸ் அண்ணனுக்கும் வேலை போயிற்று. ஒரு சனிக்கிழமை வந்து விளையாடினார். வியாபாரம் படுத்தது. ஆளைக் குறைக்கலாம் என்று திரையில் யோசனை வந்தது. ஒரு எழுத்தை அழுத்தினால் போதும். அழுத்தினார், வேலுவின் பெயர் மறைந்தது. அண்ணன் திரையில் அந்தப் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டார். "இந்த வேலு எங்க போனான்?" என்றார். "நாளைக்கு இவன் இதே ரோட்டுலதானே நடக்கணும்? மொதலாளி கண்ணுல படமாட்டானா?"

ஆக்னஸ் எழுதிக்கொண்டார். வேற என்று கேட்கவில்லை. வலப்பக்கத்தில் நான், கம்ப்யூட்டரில் இடம் போதாது என்று எழுதினேன். உண்மையும் அதுதான், ஒரு வரி கூட்ட வேண்டுமென்றால் இன்னொரு வரியை வெட்ட வேண்டியிருந்தது. ஆக்னஸ் படித்துப் பார்த்து, "இது பதில் இல்ல, சாக்கு" என்றார். அதோடு விடாமல் மூன்று வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வேலையை விட்டு அனுப்பப்பட்டவன் மறுநாள் கடைப்பக்கம் வர வேண்டுமாம். கேட்டுக் கேட்டு என் தலை கனத்தது.

அந்தச் சமயத்தில்தான் ரோச்சோர் பக்கம் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்த ஒரு சீன முதலாளி விளையாட்டைப் பார்க்கிறேன் என்றார். தான் விற்கும் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். விளையாடியவர்கள் சொன்னதில் நல்லதாக நாலைந்து வேண்டும், விளம்பரத்தில் போடலாம் என்று கேட்டார். ஆக்னஸைத் துணைக்கு அழைத்துப் போனது என் புத்தி. விளையாட்டு முதலாளிக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆக்னஸ் பக்கம் திரும்பி, விளையாடியவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். இந்த அம்மாள் நோட்டைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு குறையாக ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். மேசைக்கு அடியில் காலால் தட்டினேன், காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்தார். மரியதாஸ் அண்ணன் சொன்னதுவரை சொன்னார். முதலாளி சிரித்துக்கொண்டே எழுந்து, எல்லாக் குறையும் தீர்ந்த பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நான் கத்தினேன். "அஞ்சே அஞ்சு சொல்லியிருந்தா போதும். என் வாழ்க்கை ஆக்னஸ் இது."

"அவரு கேட்டாரு, சொன்னேன். இல்லாததச் சொல்லலையே."

"நீ என்கூட வந்தே. அவர்கூட வரல."

நான் வேறு பஸ் ஏறினேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்குள் எங்கள் தொழிற்சாலையிலும் ஆட்குறைப்பு வந்தது. அப்போது நான் பிரிவுத் தலைவி. இரண்டு பெயர் எழுதித் தரச் சொன்னார்கள். துளை அட்டைகள் போய் நேரே திரையில் அடிக்கும் காலம் வந்துவிட்டது, சரிபார்க்கும் வேலைக்கு இனி ஆள் குறைவாகப் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பொய் இல்லை. ஆனால் அதே வேலையில் ஆக்னஸுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், திரையில் அடிக்க அவர் கற்றும் இருந்தார். நான் முதலில் எழுதிய பெயர் ஆக்னஸ். எழுதும்போது என் மனதில் இருந்தது துளை அட்டை இல்லை, அந்தப் பஸ் நிறுத்தம்.

கடிதத்தின் அடியில் பரிந்துரைத்தவர் என்று என் கையெழுத்து இருந்தது. எந்தத் தாளையும் இரண்டு முறை படிக்கிறவர் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? கம்ப்யூட்டர் அறையின் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையையும் தன் கோப்பையையும் பையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். "நாளைக்குக் கேசட்ட எடுத்துட்டு வர மறந்துடாத. போன தடவ மறந்துட்டே" என்றார். அவ்வளவுதான். மறுநாள் பின்கூடத்துக்கு நான் போனபோது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு கிளினிக்கில் வேலை தேடிக்கொண்டார். சம்பளம் குறைவு. நான்கு வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் வாயெடுப்பேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். போன வருடம், என்னால் முடிந்தது இதுதான் என்று, மழையை முழுவதுமாக வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் வேலுவைக் கொண்டுவந்தேன். அனுப்பப்பட்ட மறுநாள் வேலு கடைக்கு வந்து ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு போவான். ஆக்னஸ் பொறுமையாக விளையாடிப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார். "வேலு வருகிறான். முதலாளி அவனிடம் ஒன்றும் பேசவில்லையே?"

மழையையே கொடுத்தேன், இதற்கும் ஒரு குறையா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பேச வைக்க இடமில்ல" என்று சொல்லிவிட்டுக் கேசட்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். அன்று நான் பேசியிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில் அவர் எனக்கு இடம் கொடுத்தார் என்பது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வாரம் பேசலாம் என்று விட்டுவிட்டேன்.

அடக்கத்துக்கு முந்தின நாள் புக்கிட் பாத்தோக்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உங்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். செபமாலை முடிந்ததும் சேவியர் என்னிடம் வந்தார். "கம்பெனி வேலைய அக்கா தானா விட்டப்போ நாங்க எல்லாரும் திட்டினோம். வசந்தா எவ்வளவோ தடுத்தா, நான்தான் கேக்கலன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறமும் நீங்க அக்காவ விடாம வாராவாரம் வந்தீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் என்னை நன்றியோடு பார்த்தார்கள்.

சேவியர், உங்கள் அக்கா அந்த வேலையை விடவில்லை. அவர் பெயரை எழுதிக் கொடுத்தது நான். நான் தடுக்கவில்லை. பத்து வருடத்தில் அவர் வேலையில் ஒரு பிழைகூட நான் கண்டதில்லை. இதை அன்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பூக்காரம்மா சொன்னதையும் பஸ் ஓட்டுநர் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் எழுதியவர், தனக்கு நான் செய்ததை எங்கும் எழுதவில்லை. எழுதாததோடு விடாமல், என்னை நல்லவளாக்கி வீட்டில் ஒரு கதை வேறு சொல்லி வைத்திருக்கிறார். ஒரே ஒருநாள் என்னை நிற்க வைத்துத் திட்டியிருந்தால் நானும் அழுதிருப்பேன், மன்னிப்பும் கேட்டிருப்பேன். அவர் திட்டாமல் விட்ட அந்தத் திட்டு என்னுடையது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான், அதை நான் வைத்துக்கொள்கிறேன்.