ரஹ்மத்துல்லா தண்ணீர் குடிக்கும் வரை

வாயைத் திறக்கக் கூடாத நேரத்தில் திறப்பதில் என் வீட்டுக்காரர் ரஹ்மத்துல்லாவை அடிக்க புனா ஜில்லாவில் ஆள் கிடையாது. வானவடி ராணுவ மெஸ்ஸில் வேலை பார்த்தபோது, சோறு வேகவில்லை என்ற மேஜரிடம், "நீங்க வந்ததுதான் முந்திங்க ஐயா" என்றார். வேலை போயிற்று. கசார்வாடியில் ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தோம். மழைக்காலத்தில் உள்ளேயும் மழைதான்.

ஹோர்முஸ்ஜி சேட் என்ற பார்சிப் பணக்காரர் எங்களைக் காவல் வேலைக்குக் கூப்பிட்டது அப்போதுதான். சிங்ககட் கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு மலையில், கூட்டமாக வருகிறவர்கள் தங்குவதற்கென்று அவர் ஒரு வீடு கட்டியிருந்தார். வெளியே பார்த்தால் மாட்டுக்கொட்டில். செதுக்காத கல், பட்டை உரிக்காத தேக்கு. உள்ளே போனால் இலவம்பஞ்சு மெத்தை, குளிக்கப் பீங்கான் தொட்டி, முப்பது பேர் உட்காரும் சாப்பாட்டுக்கூடம். பணத்தைக் கொட்டி யாராவது ஏழை வீடு கட்டுவார்களா? எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் எங்களுக்கு ஒழுகாத ஓர் அறை கொடுத்தார், நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

முதலில் வந்த கூட்டம் குளிர் என்று முணுமுணுத்தது. இரண்டாவது கூட்டம் குரங்கு என்று கத்தியது. சேட் பொறுமை இழந்தார். "மூணாவதும் முகம் சுளிச்சுதுன்னா வீட்டைப் பூட்டிடுவேன். நீங்க மூட்டையைக் கட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது கூட்டம் 1955 மே மாதம் வந்தது. எங்களுக்கு நோன்பு மாதம். வந்தவர்கள் புனாவின் ஜைனத் துணி வியாபாரிகள், குழந்தை குட்டிகளோடு முப்பது பேர். தலைவி சமரத்பென். பென் என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. பொழுது சாய்ந்தால் மறுநாள் சூரியன் வரும்வரை அவர்கள் சோறும் தொடமாட்டார்கள், தண்ணீரும் தொடமாட்டார்கள். சமையலுக்கு அவர்கள் ஆளையே கூட்டி வந்திருந்தார்கள். வழியில் பஸ் கெட்டு, மத்தியானச் சாப்பாடும் இல்லாமல் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் பசியில் அழுதுகொண்டிருந்தன. அவசர அவசரமாகப் பூரி பொரித்துத் தட்டில் வைத்தபோது, பொசுக்கென்று வெளிச்சம் போய்விட்டது.

வீட்டுக்கு மேற்கே சுவர் மாதிரி ஒரு முகடு. சூரியன் அதன் பின்னால் போய்விட்டது.

சமரத்பென் கையை உதறிக்கொண்டு எழுந்தார். மகன் கடிகாரத்தைக் காட்டி, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று கெஞ்சினான். "கடிகாரம் மனுஷன் செஞ்சது. சூரியன் எங்கே, காட்டு. நாளைக்கே இறங்கிடுவோம். இது வீடா, குழியா?" என்றார். எனக்குத் தகரக் கொட்டகை கண்முன் வந்து நின்றது.

அப்போது பார்த்து இவர் வாயைத் திறந்தார். "பென், சூரியன் இன்னும் விழலே" என்றார், தம்முடைய கடையநல்லூர் இந்தியில்.

"உனக்கென்ன தெரியும் சௌகிதார்?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? விடியறதுக்கு முந்தியிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படலே. விழுந்திருந்தா இந்நேரம் நான் குடிச்சிருப்பேனே!"

அந்த அம்மாள் இவர் காய்ந்த உதட்டையே பார்த்தார். இவர் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். "ஏங்க, எங்க போறீங்க, மயக்கம் போட்டு விழவா?" என்று கத்தினேன். காதில் வாங்கினால்தானே! பதின்மூன்று மணி நேரப் பட்டினியோடு மே மாதப் பாறையில் ஏறினார். திட்டிக்கொண்டே ஜன்னலில் நின்றேன், கண்ணீர் அது பாட்டுக்கு வந்தது.

முகட்டு உச்சியில் அவர் நிமிர்ந்து நின்றபோது வெள்ளைச் சட்டை பளீரென்று மின்னியது.

"வெயில்! அவர் மேல வெயில்!" என்று ஒரு குழந்தை கத்தியது.

சமரத்பென் ஜன்னலுக்கு வந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தம் தட்டின் முன் போய் உட்கார்ந்தார். "சாப்பிடுங்க. அந்த மனுஷன் தண்ணி குடிக்கிற வரைக்கும் பகல்தான்."

ஏழு மணி தாண்டி இவர் தம்ளரைத் தூக்கியபோது, உள்ளே கடைசிக் குழந்தையும் தண்ணீர் குடித்து முடித்திருந்தது.

நாளைக்கே இறங்குவோம் என்றவர்கள் ஒன்பது நாள் இருந்தார்கள். தினமும் இவர் முகட்டில், அவர்கள் மேஜையில். அடுத்த வருஷம் சேட்டுக்குக் கடிதம் வந்தது. வீடு எப்போது காலி என்று கேட்கவில்லை. ரஹ்மத்துல்லா பாய்க்கு எப்போது நோன்பு என்று கேட்டிருந்தார்கள். சேட் அதை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பூட்டைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை. சமரத்பென் கூட்டமும் அதிலிருந்து நோன்புக்கு நோன்பு வந்தது.

நோன்பு வருஷத்துக்குப் பத்து நாள் பதினோரு நாள் முன்னால் வரும். ஏப்ரல், மார்ச் என்று நகர்ந்து 1965இல் டிசம்பர் கடைசிக்கே வந்துவிட்டது. மலையில் கைவிரல் மடங்காத குளிர். இந்த வருஷம் யார் வரப்போகிறார்கள் என்று படுக்கைகளைக்கூட நான் உதறவில்லை. பஸ் வந்து நின்றது. சால்வைக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு சமரத்பென் முதலில் இறங்கினார்.

"இந்தக் குளிர்லயா பென்? மே மாசம் வந்திருக்கலாமே?" என்றேன்.

"மே மாசம் வந்தா, நான் எப்போ கையைக் கழுவணும்னு யாரு சொல்லுவா?" என்று என்னையே அதட்டினார். "கடிகாரமா?"