வராதேயும் என்று ஜெபித்தவள்

இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளுக்கு சுகிர்தத்தின் அன்பு. நான் செய்த ஜெபத்தை உங்களில் யாரும் வாய்விட்டுச் செய்திருக்க மாட்டீர்கள். "ஆண்டவரே, சீக்கிரம் வாரும்" என்று சபையே பாடியபோது, "தயவுசெய்து இப்போது வராதேயும்" என்று ஜெபித்தவள் நான். அந்த ஜெபத்துக்குப் பதிலும் கிடைத்தது.

1961 ஆவணி மாதம். நாங்கள் அப்போது திருத்தங்கலில் இருந்தோம். நான் விசுவாசத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் வரவில்லை. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு மருந்து இடிக்கிற வேலை. ஒரு நாள் ஜெபக்கூடத்திலிருந்து வந்து, ஆண்டவர் திரும்பி வருவார், தம்முடையவர்களைக் கூட்டிக்கொண்டு போவார் என்று அவரிடம் ஆசையாகச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்க சாமி வந்தா நீ மட்டும் போயிருவியாக்கும். எனக்குக் கஞ்சி யாரு காய்ச்சுவா?" என்று சிரித்தார்.

கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நம்பாதவுக இங்கனயே கெடந்து எரிங்க" என்று சொல்லிவிட்டேன்.

மருந்து வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்த வார்த்தையை நாங்கள் சொல்லவே மாட்டோம். விளக்கைக்கூட எரியவிடு என்று சொல்லாமல், ஏற்று என்றுதான் சொல்வோம். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் விடிந்ததும் மஞ்சள் பையோடு மதுரை பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். கடிதம் எங்கிருந்து வரும்? எந்த ஊரில் இருக்கிறார், சாப்பிட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. என் வாயை நானே அடித்துக்கொண்டு அழுதேன்.

எனக்கு ஓர் அச்சாபீசில் வேலை. தினசரிக் காலண்டருக்குத் தாள் அடுக்குவோம். தேதி வாரியாகக் குவித்து வைத்திருப்பார்கள். குவியலுக்கு ஒரு தாளாக வரிசை பிசகாமல் எடுத்து அடுக்க வேண்டும். அடுத்த வருடம் முழுவதும் ஐப்பசியிலேயே எங்கள் விரல் வழியாகப் போய்விடும். எனக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிற சுபாவம். பக்கத்தில் அடுக்குகிற பாக்கியத்திடம், "ஆண்டவர் நாளைக்கே வந்துட்டா, இம்புட்டு நாளும் யாருக்குக்கா?" என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும். ஆர்டரை முடிச்சுக் குடுத்துட்டுப் போவோம்" என்றாள்.

அந்த ஐப்பசியில்தான் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் எங்கள் ஜெபக்கூடத்துக்கு வந்தார். பிப்ரவரியில் எட்டுக் கிரகம் ஒன்றாகச் சேரப்போகிறது, உலகம் அழியப்போகிறது என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட ஆரம்பித்திருந்த சமயம். கோயில்களில் யாகம் என்றார்கள். பிரசங்கியார், "அதுதான் அடையாளம். பிப்ரவரி ஐந்து, திங்கட்கிழமை, ஆண்டவர் வருகிறார்" என்றார். எங்கள் பாஸ்டர் மட்டும், அந்த நாள் மனுஷருக்குத் தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு மட்டும் என் வீட்டுக்காரர் நினைப்புதான். நான் போய்விட்டால் அவர்? நான் சொன்ன வார்த்தை அப்படியே பலித்துவிடுமே.

அன்றுதான் அந்த ஜெபத்தைத் தொடங்கினேன். அதுவரை என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. ஆண்டவருக்கு எந்த வீட்டுக்காரர் என்று குழப்பம் வந்துவிடக் கூடாதே என்று, கதவைச் சாத்திக்கொண்டு, "மாரிமுத்து வீடு வந்து சேருகிற வரைக்கும் வராதேயும்" என்றேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது. இப்படியும் ஒரு விசுவாசி ஜெபிக்கலாமா என்று பயமாகவும் இருந்தது.

மறுநாள் வேலையில் பிப்ரவரி ஐந்தாம் தேதிக் குவியலில் கை வைத்தேன். ஒரே ஒரு காலண்டருக்கு அந்தத் தாளை வைக்காமல் விட்டேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த நாளே வராமல் போகட்டும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. அது எந்த ஊருக்குப் போகிற காலண்டர் என்றுகூட நான் பார்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. காலையிலிருந்தே உபவாசம். பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலை. பிரசங்கியார் வேறு ஊரில் இருந்தார். மதியத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "நான் ஆண்டவரை வரவேண்டாம்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டு ஆளு இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டேன்.

என்னைத் துரத்திவிடுவார்கள் என்றே நினைத்தேன். மூலையில் இருந்த செல்லத்தாய், "நானும் அதைத்தான் கேக்குறேன். எம் மகன் குடிச்சுட்டுத் திரியுறானே" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. பிறகு அவரவர் வீட்டில் விசுவாசத்துக்கு வராமல் மிச்சம் இருந்தவர்களின் பெயரைச் சொல்லி ஜெபித்தோம். பாஸ்டர் அழுதுவிட்டார்.

பொழுது சாய்கிற நேரம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மஞ்சள் பையோடு அவர் நின்றார்.

"ஏளா, நீ இன்னும் போகலையா?" என்றார்.

அவர் தேனியில் ஒரு பலசரக்குக் கடையில் மூடை சுமந்துகொண்டிருந்தாராம். அன்று காலையில் கடைக்காரர் காலண்டரில் நாலாம் தேதியைக் கிழித்திருக்கிறார். அடியில் ஆறாம் தேதி. ஐந்து இல்லவே இல்லை. உலகம் முடிந்தது என்று நடுநடுங்கிக் கடையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்கு ஓடிவிட்டார்.

"அது ஒங்க ஆபீசுக் காலண்டர்னு கடைக்காரவுகளே முன்னாடி எங்கிட்டச் சொல்லியிருக்காக. இப்படி ஒரு வேலையை யாரு செய்வான்னு எனக்குத் தெரியாதா? சிரிச்சுட்டேன். பொறவு யோசிச்சேன், இவ எம்புட்டுப் பயந்திருந்தா இதைச் செஞ்சிருப்பான்னு. பஸ் ஏறிட்டேன்."

என் வேதப் புத்தகத்துக்குள் இருந்த தாளை எடுத்துக் காட்டினேன். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்காக அவர் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "எந்திரி. கஞ்சி இருக்கா?" என்றார்.

மறுநாள் அச்சாபீஸ் மேஸ்திரியிடம் உண்மையைச் சொன்னேன். ஏசினார். ஏசட்டும். பாக்கியம், "அந்த வாரம் தேனி ஆர்டர் ஓடுச்சு, அதுல ஒண்ணு அங்க போயிருக்கும், இதுல என்ன அதிசயம்?" என்றாள். சரிதான். ஆனால் அத்தனை காலண்டரில் அந்த ஒன்று அந்தச் சுவரில் எப்படித் தொங்கியது? பாக்கியத்தை இன்றும் கேட்கிறேன். பதில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் வரும்போது கேட்டுக்கொள்வேன்.

இரண்டு வருடம் கழித்து, வைப்பாற்றில் தண்ணீர் ஓடிய ஒரு மார்கழியில், என் வீட்டுக்காரர் ஞானஸ்நானம் எடுத்தார். நான் அவசரப்படுத்தவில்லை. ஆண்டவர் தாமதிக்கிறார் என்று முன்பெல்லாம் சலித்துக்கொள்வேன். இப்போது அந்தத் தாமதம் யாருக்காக என்று யோசிக்கிறேன். ஒரு காலத்தில் என் வீட்டுக்காரருக்காகவும்தானே இருந்தது. உங்கள் வீட்டிலும் வரவேண்டியவர் ஒருவர் இருந்தால், மனதில் இருப்பதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் இன்னமும் கேட்பார், "சாயங்காலம் கஞ்சி இருக்குமா, போயிருவியா?"

"போனா ரெண்டு பேரும் போவோம். இல்லைன்னா ரெண்டு பேருக்கும் காய்ச்சி வைக்கிறேன்" என்பேன்.