மொன் கராப்

ஹவுராவில் ஒரு சமூக உதவி மையத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த உளவியலாளர் நான். அதாவது, உதவி கேட்பவருக்கும் உதவி தரும் அலுவலகத்துக்கும் நடுவே போட்ட நாற்காலி. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் மாட்டியிருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

எல்லாம் கேஸ்

வேலையில் சேர்ந்த வாரம், மனதில் என்ன பாரம் என்று யாரைக் கேட்டாலும் வயிற்றைத் தடவினார்கள். தூக்கம் வரவில்லையா, கேஸ், அதாவது வாயுத் தொல்லை. மருமகள் பேசுவதில்லையா, அதுவும் கேஸ். நான் படித்த புத்தகம் எதிலும் வயிறு இல்லை. இங்கே எல்லோருக்கும் நான் திதி, அக்கா. கிளார்க் பிஷுதா பரிதாபப்பட்டுச் சொன்னார்: "திதி, மேஜையில ரெண்டு பட்டை அசிடிட்டி மாத்திரை வைங்க. பாதிக் கூட்டம் குறைஞ்சிடும்."

பழுது

மாலதி மாஷி, நம்மூர்க் கணக்கில் மாலதி சித்தி, கணவரை இழந்தவர். தையல் மிஷின் கேட்டு விண்ணப்பித்திருந்தார். மிஷின் வந்தால்தான் பக்கத்துப் பள்ளியின் சீருடை வேலை கிடைக்கும். விண்ணப்பத்தோடு என் அறிக்கையும் போக வேண்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மொன் கராப்" என்றார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஃபேன் கராப், மோட்டார் கராப். 'மனம் பழுதடைந்துள்ளது' என்று அழகாக எழுதி அனுப்பிவிட்டேன். வங்காளிகள் மழை பெய்தாலும், மீன் கிடைக்காவிட்டாலும் அதையேதான் சொல்வார்கள் என்பது அப்போது தெரியாது. கோப்பு திரும்பி வந்தது: இவர் கையில் ஊசி ஆபத்து, மனநலச் சான்றிதழ் தேவை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மாஷி அமைதியாகச் சொன்னார்: "வருத்தமா இருக்குன்னுதானே சொன்னேன் திதி, பைத்தியம்னு எழுதிட்டீங்களே."

சான்றிதழ்

மாஷியை அழைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். தப்பு என் வங்காளத்தில்தான், அவர் மனதில் இல்லை என்று மன்றாடினேன். எழுதியது எழுதியதுதான், சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார் அவர். நாங்கள் வாதாடிக்கொண்டிருக்க, மாஷியின் கண் அதிகாரியின் சட்டையில் ஊசலாடிய பொத்தானிலேயே இருந்தது. பையிலிருந்து ஊசிநூலை எடுத்தார். கேட்காமலே நெஞ்சருகே குனிந்து தைக்க ஆரம்பித்தார். அதிகாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கோப்பை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினேன். மாஷி நிமிராமல் சொன்னார்: "அசையாம கையெழுத்துப் போடுங்க, சார்."

மனங்களைச் சரிசெய்யத்தான் சம்பளம் வாங்குகிறேன், ஆனால் இதுவரை சரியானது என் வங்காளம் மட்டும்தான்.