பீல்டு புக்கில் பதினோராம் பக்கம்

1. வேப்பமரத்தடி

நான் வாத்தியாராக நின்ற முதல் நாள், ஒரு வேப்பமரத்தடியில் இரும்புச் செயினைக் காலடியில் போட்டுக்கொண்டு, யாராவது வந்து பக்கத்தில் நிற்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரமாகியும் ஒருவரும் வரவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. பாப்பாரப்பட்டிக்கு இரண்டு மைல் தள்ளி, காலேஜ் வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர் ஒரு சின்ன ஹைஸ்கூல் நடத்தினார். அவர்தான் எங்கள் ஹெட்மாஸ்டர். நாலு அறை, அறுபது பிள்ளைகள். காலையில் மற்ற பள்ளிக்கூடங்களைப் போல தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சரித்திரம். இரண்டு மணிக்கு மேல் விருப்பப் பாடம். நெசவு, தச்சு, தேனீ, தையல், மாட்டு வைத்தியம் என்று அதில் பல உண்டு. "காலையில நாங்க சொல்றதப் படிங்க. மத்தியானம் நீங்க கேக்கறத நாங்க சொல்லித்தர்றோம்" என்று பிள்ளைகளிடம் சொல்வார்.

பாடம் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஜூன் மாதத்தில் ஒரு நாள், ஒவ்வொரு பாடக்காரரும் தன் சாமானோடு ஒரு மரத்தடியில் நிற்க வேண்டும். யாரையும் கூப்பிடக் கூடாது. பிள்ளைகள் சுற்றிப் பார்த்துவிட்டு, பிடித்த மரத்தடியில் போய் நிற்பார்கள். நாலு பேர் சேராத பாடம் அந்த வருஷம் கிடையாது. முதல் மாதத்துக்குள் மரம் மாறிக்கொள்ளலாம்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஏழு வருஷம் சர்வே பார்ட்டியில் நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடிக்கிற செயின்மேனாக இருந்துவிட்டு, இந்தப் பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்த சுபாவம். ஸ்டோரைப் பூட்டி இருபது அடி நடந்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பையன்கள் அதை அப்படியே நடித்துக் காட்டுவார்கள்.

நில அளவை என்று ஒரு பாடம் வைக்கலாம், நீ நடத்து என்று ஹெட்மாஸ்டர் சொன்னார்.

"நான் அஞ்சாவதுங்க" என்றேன்.

"செயின் புடிக்கறவன் அஞ்சாவதா பி.ஏ.வான்னு நெலத்துக்குத் தெரியுமா, சாமிக்கண்ணு?"

"தப்பாயிருச்சுன்னா?"

"தப்பாவும்னு பயப்படறவன்தான் எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது பாராட்டா கேலியா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கடைசியில் தச்சு மரத்தடியில் கூட்டம் மிஞ்சிப்போய், உளி போதாது என்று மூன்று பையன்களைத் திருப்பி அனுப்பினார்கள். வேறு வழியில்லாமல் அவர்கள் என் பக்கம் வந்தார்கள். நாலாவதாக வந்தது ஒரு பெண். ஒன்பதாவது படிக்கிற மாதம்மாள். பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே ஒட்டியிருந்த புன்செய்க் காடு அவள் அம்மாவுடையது. தகப்பனார் இல்லை.

"தையல் அந்தப் பக்கம்மா" என்றேன்.

"தெரியுதுங்க."

"வெயில்ல நடக்கோணும். முள்ளு குத்தும்."

"எங்க காட்டுல மட்டும் பூவாங்க கெடக்குது?" என்று கேட்டுவிட்டு, செயினுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

2. நானே சொன்ன சட்டம்

செயின் என்பது நூறு லிங்க், அதாவது நூறு இரும்புக் கண்ணிகள். விரித்தால் அறுபத்தாறு அடி. பத்து லிங்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். முன்னால் போகிறவன் இழுத்துப் பிடித்து, செயின் முடிகிற இடத்தில் அம்பு என்கிற இரும்புக் குச்சியை ஊன்றுவான். பின்னால் வருகிறவன் அதைப் பிடுங்கிக்கொண்டு வருவான். கையில் எத்தனை அம்போ அத்தனை நூறு லிங்க். இதெல்லாம் ஒரு வாரத்தில் அவர்களுக்கு வந்துவிட்டது.

அதைவிட முக்கியம் என்று நான் சொன்னது பீல்டு புக். அளந்ததை அந்த இடத்திலேயே பென்சிலால் எழுத வேண்டும். அழிரப்பர் கூடாது. தப்பாக எழுதினால் எண் தெரிகிற மாதிரி குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பக்கங்களுக்கு முன்கூட்டியே நம்பர் போட்டிருக்கும். ஒரு பக்கம் குறைந்தாலும் அந்தப் புஸ்தகத்தில் உள்ள எந்த அளவும் செல்லாது.

"எங்க பார்ட்டியில ஒருத்தர் ஒரு பக்கத்தக் கிழிச்சார். அன்னிக்கே மூட்டை கட்டிட்டு ஊருக்குப் போனார்" என்று நானே பிள்ளைகளிடம் சொன்னேன்.

3. இருபத்திமூன்று லிங்க்

மூன்றாவது வாரம் பள்ளிக்கூட நிலத்தையே அளந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். வேறு எங்கே போனாலும் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்ற பயம்தான் காரணம். நிலத்தைத் தானமாகக் கொடுத்தவர் அந்தப் பக்கத்தில் செல்வாக்கான மனிதர். பெரியவூட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கர்ணத்திடம் இருந்த புலப்படத்தை, எல்லை அளவுகள் குறித்த வரைபடத்தை, ஹெட்மாஸ்டர் நகல் எடுத்து வைத்திருந்தார். அதில் மேற்குக் கல்லிலிருந்து கிழக்கு எல்லைக்கு ஐந்நூற்று நாற்பது லிங்க்.

மேற்குக் கல் இருந்தது. கிழக்கே கல் இல்லை, வரப்புதான் இருந்தது. கல்லில் தொடங்கி வரப்பில் முடித்தோம். ஐந்நூற்று அறுபத்திமூன்று வந்தது.

திரும்பவும் அளந்தோம். அதே எண்.

"ஐயா, நமக்கு இருபத்திமூணு லிங்க் லாபம்" என்று சிரித்தான் குப்புசாமி என்ற பையன்.

அன்று புக் எழுதுகிற முறை மாதம்மாளுடையது. பதினோராம் பக்கத்தில் எண்ணை எழுதிவிட்டு, தலையை நிமிராமல் சொன்னாள்: "எங்கம்மா இதத்தானுங்க சொல்லிக்கிட்டிருக்குது. வருசா வருசம் வரப்பு நவுருதுன்னு. ஊரே சிரிச்சுது. பொம்பளைக்கு என்னா தெரியும் அளவுன்னாங்க."

அவள் ஏன் தையலுக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வரப்பிலிருந்து இந்தப் பக்கம் பார்த்தேன். இருபத்திமூன்று லிங்க் என்றால் பதினைந்து அடி நிலம். அதில்தான் போன வருஷம் போட்ட தச்சுக் கொட்டாய் நின்றது. உள்ளே பதினாலு பையன்கள் இழைப்புளி தள்ளுகிற சத்தம் கேட்டது. என் மனசு எப்போதும் போல ஓட ஆரம்பித்தது. பெரியவூட்டுக்காரருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார். நிலத்தைத் திரும்பக் கேட்பார். பள்ளிக்கூடம் போகும். ஐந்தாவது படித்தவனுக்குப் பாடம் கொடுத்ததால் வந்த வினை என்று சொல்வார்கள்.

"லிங்க் எங்கியோ வளைஞ்சிருக்குது. செயின் குட்டையாயிருச்சு, அதான் கூடக் காட்டுது. இன்னிக்கு அளந்தது சேராது" என்றேன்.

"எந்த லிங்குங்க?" என்று கேட்டாள் மாதம்மாள்.

செயின் என் கையில்தான் இருந்தது. ஒரு லிங்கும் வளையவில்லை.

"பாக்கோணும்" என்று சொல்லி, புக்கை அவளிடமிருந்து வாங்கினேன். பிள்ளைகள் போனதும் பதினோராம் பக்கத்தைக் கிழித்தேன். கிழித்தேனே தவிர எறிய முடியவில்லை. நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஸ்டோருக்குப் போகும் வழியில் நாலு தடவை பையைத் தொட்டுப் பார்த்தேன்.

4. மூன்று பேர்

அடுத்த வகுப்புக்கு மாதம்மாள் வரவில்லை. தையல்காரர்களோடு உட்கார்ந்திருந்தாள். மாதம் முடியவில்லை என்பதால் அதற்கு அனுமதி உண்டு. எனக்கு மூன்று பேர்தான் மிச்சம். சட்டப்படி பாடம் போனது. உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஹெட்மாஸ்டரிடம் போய், பாடத்தை எடுத்துவிடலாம் என்றேன்.

"அந்தப் பொண்ணு ஏன் போச்சு?"

"தெரியலீங்க."

"கேட்டியா?"

"இல்லீங்க."

"கேட்டுட்டு வா. அப்புறம் மூடிக்கலாம்."

தையல் வகுப்புக்குப் போனேன். அவள் ஒரு சட்டைக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, வெயில் ஒத்துக்கலியா?" என்று கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் ஊசியை நிறுத்தாமல் பேசினாள். "செயின் சரியில்லீன்னா வேற செயின் வாங்கிக்கலாங்க. புக்குல பத்துக்கு அப்பறம் பன்னெண்டு வருதே. அத எப்பிடிங்க மாத்தறது?"

நான் வைத்த இடத்திலிருந்து புக்கை எடுத்துப் பார்த்திருக்கிறாள். நான் சொன்ன கதையையும் மறக்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு போன மனிதரின் கதையை.

5. ஆசாரியின் அடிக்கோல்

மறுநாள் இரண்டு மணிக்குத் தச்சுக் கொட்டாய்க்குப் போய், ஆசாரியிடம் அவருடைய ஆறடிக் கோலைக் கேட்டேன்.

"எதுக்குப்பா?"

"செயினை அளக்கோணுங்க."

"என் கோலை நம்பறியா? நீதான் பூட்டையே நம்பாதவனாச்சே."

"கோலையும் அளந்துட்டங்க. காத்தால ரெண்டு தடவ."

கொட்டாயில் சிரிப்பு எழுந்தது. வேலையை விட்டுவிட்டுப் பையன்கள் வெளியே வந்தார்கள். தையல்காரப் பெண்களும் வந்து நின்றார்கள். கோலால் பதினொரு தடவை வைத்து, அறுபத்தாறு அடிக்குத் தரையில் இரண்டு முளை அடித்தேன். குப்புசாமியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, செயினை இழுத்தேன்.

செயின் குட்டையாக இல்லை. முளையைத் தாண்டி அரை லிங்க் நீண்டுகொண்டு நின்றது. பழைய செயின், வளையங்கள் தேய்ந்து விரிந்திருந்தன. நீண்ட செயின் அளவைக் குறைத்துத்தான் காட்டும். கணக்குப் போட்டால் ஐந்நூற்று அறுபத்திமூன்று உண்மையில் ஐந்நூற்று அறுபத்தாறு. நான் குற்றம் சொன்ன செயின் எங்களுக்குச் சாதகமாகத்தான் பொய் சொல்லியிருந்தது.

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் பிரித்தேன். "லிங்க் வளையல. செயின் மேல நான் பொய் சொன்னேன். பயந்துகிட்டு இந்தப் பக்கத்தக் கிழிச்சது நான்தான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஆசாரி மட்டும் தன் கொட்டாயின் கூரையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். மாதம்மாள் வந்து காகிதத்தை வாங்கி, மடிப்பைத் தொடையில் வைத்து நீவினாள். "கோந்து இருக்குதுங்களா ஸ்டோருல?" என்று கேட்டாள்.

6. பெரியவூட்டுக்காரர் வந்தார்

மாதம்மாள் பக்கத்தை ஒட்டிவிட்டு என் வகுப்புக்கே திரும்பி வந்தாள். விரிந்த வளையங்களைத் தட்டி மூடி, செயினைச் சரி செய்தோம். அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை. மேற்குக் கல்லையே யாராவது நகர்த்தியிருந்தால்? அதனால் மாதம்மாளின் காட்டுக்குக் கிழக்குக் கோடியில் இருந்த கல்லிலிருந்து திரும்பி அளந்தோம். அவர்கள் காடு புலப்படத்தில் நானூற்றுப் பத்து லிங்க். முந்நூற்று எண்பத்திநாலுதான் வந்தது. இங்கே கூடின இருபத்தாறும் அங்கே குறைந்த இருபத்தாறும் ஒன்றே. இனி பயப்பட எனக்கே இடம் இல்லை.

ஹெட்மாஸ்டர் புக்கை வாங்கி, ஒட்டின பக்கத்தைப் படித்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. பெரியவூட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் மறுநாளே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"எங்கப்பன் காலத்து வரப்பு. தானமாக் கொடுத்த நெலத்தையே சங்கிலி போட்டு அளக்கறீங்களா?"

"அளக்கச் சொல்லிக் குடுத்தோங்க. கைக்குக் கிட்ட இருந்தது நம்ம நெலம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"யாரு அளந்தது?"

ஹெட்மாஸ்டர் பதில் சொல்லுமுன் நான், "நாந்தாங்க" என்றேன்.

"நீ ஸ்டோர்க்காரன்தானே? எத்தனாவது படிச்ச?"

"அஞ்சாவதுங்க. சர்க்கார் சர்வேயர் வந்து பாக்கட்டுங்க. நான் தப்புன்னா இந்தச் செயினை எங்கழுத்துலயே போடுங்க."

அவர் என்னையும் புக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். தன் தங்கை மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக்கொண்டார். நிலத்தை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. பிறகு ஒருபோதும் அவர் எங்கள் வாசலுக்கு வரவும் இல்லை.

சர்வேயர் வந்து, நாங்கள் சொன்ன இடத்தில் கல் நட்டார். கொட்டாயை என்ன செய்வது என்று கேட்க ஹெட்மாஸ்டர் மாதம்மாளின் அம்மாவிடம் போனார். நானும் கூடப் போனேன். அந்த அம்மாள் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"படிக்கற கொட்டாய்தானுங்க, பாவம். மழைக்கு முன்னால எடுத்துருங்க. நான் கேவுரு வெதைக்கோணும்."

எடுத்துவிட்டோம். ஆசாரி அதையே இரண்டு வாரப் பாடமாக்கினார். ஒரு ஆணி வீணாகாமல் கொட்டாயைப் பிரித்து, மேற்கே தள்ளிப் போட்டார்கள்.

7. அடுத்த ஜூன்

அடுத்த வருஷம் மரத்தடியில் நின்றபோது என் பக்கம் ஒன்பது பேர் வந்தார்கள். மாதம்மாள் வரவில்லை. தச்சு மரத்தடியில், பையன்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக நின்றாள். எனக்கு வழக்கம் போலக் கவலை வந்துவிட்டது. மத்தியானம் அவளைத் தேடிப் போய், என் பாடத்தில் ஏதாவது குறையா என்று கேட்டேன்.

"அளந்தாச்சுங்களே. இனிமே அந்த எடத்துல எங்களுக்கு ஒரு கொட்டாய் போடோணும்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பாடத்தைப் பல வருஷம் நடத்தினேன். பயம் என்னை விட்டுப் போகவில்லை, இன்றைக்கும் பூட்டை இழுத்துத்தான் பார்க்கிறேன். பயத்தை எங்கே வைப்பது என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன். அளப்பதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் பயப்படலாம். செயினைச் சந்தேகப்படலாம், கல்லைச் சந்தேகப்படலாம், இன்னொரு பக்கமிருந்து அளந்து பார்க்கலாம். விடை வந்த பிறகு பயந்தால் பக்கத்தைக் கிழிக்கத்தான் தோன்றும்.

அந்த ஒன்பது பேரையும் முதல் நாள் உட்கார வைத்து, செயினைத் தொடுமுன் பீல்டு புக்கைக் கையில் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே போன ஒரு பையன் கோந்து தடித்த பக்கத்தில் நிறுத்தினான்.

"இத யாருங்க கிழிச்சது?"

"நான்தான்" என்றேன்.

"எதுக்குங்க?"

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் செயினை விரித்தோம்.