சுத்தியலோடு வந்த அப்பாக்கள்

பிள்ளைகள் தாங்களாகவே கூடாரம் அடித்து, சமைத்து, காட்டில் வழி பார்த்து நடக்க வேண்டும். அதற்குத்தான் அந்த முகாம். மெல்பன் நகரின் நோபல் பார்க்கில் இயங்கும் ஒரு தமிழ்ச் சங்கம் நடத்தியது. பிள்ளைகளுக்கு அதனால் பயன் உண்டா என்று கூடவே இருந்து பார்த்து எழுதித் தருவது என் வேலை. நான் எழுதுவதை வைத்துத்தான் அடுத்த வருஷம் முகாம் உண்டா இல்லையா என்று முடிவாகும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் போய் இறங்கினால், பஸ்ஸுக்குப் பின்னாலேயே கார்கள்.

"சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்" என்றார் ஒரு அப்பா, கையில் சுத்தியலோடு.

சும்மா பார்க்க வருகிறவருக்குச் சுத்தியல் எதற்கு? இருட்டுவதற்குள் எல்லாக் கூடாரத்தையும் அப்பாக்களே அடித்து முடித்தார்கள். அம்மாக்கள் இடியப்பமும் சொதியும் பரிமாறினார்கள். பிள்ளைகள் உட்கார்ந்து போன் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் இரண்டாம் தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

முகாம் பொறுப்பாளர் கெஞ்சிக் கூத்தாடி அவர்களை அனுப்பிவைத்தார். போனவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து ஊர் மோட்டலில் தங்கி, காலையில் ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றார்கள். நடைப்பயணத்தில் வரைபடம் பிள்ளைகள் கையில் இருந்தது, வழி சொன்னது அப்பாக்களின் போன். இதில் நான் யாரை மதிப்பிடுவது? அப்பாக்களுக்கு என்றால் தாராளமாக மார்க் போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை, கிளம்பும் நேரத்தில், சுத்தியல்காரரின் மகள் என்னிடம் வந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறவள்.

"அன்ரி, நாங்கள் ஒண்டும் பழகேல்லை எண்டோ எழுதப் போறீங்கள்?"

"வேற என்னம்மா எழுதச் சொல்றே?"

"அப்ப கேம்ப் நிண்டிடும். எனக்குத் திரும்பவும் வரவேணும்." காலால் மண்ணைக் கிளறினாள். "நேற்றுக் காலமை, அப்பாமார் வர முந்தி, நான் தனிய நெருப்பு மூட்டித் தேத்தண்ணி போட்டனான். அதை எழுதுங்கோ."

எனக்கு உயிரே வந்தது. யார் குடித்தார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. அப்பா வந்து, புகை மணக்குது எண்டு கீழ ஊத்திப்போட்டு, ஃபிளாஸ்க்கில இருந்து தந்தவர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "போ, இப்பவே எனக்கு ஒண்ணு போட்டுக் கொண்டா" என்றேன். முகமெல்லாம் மலர ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலை அப்பா ஏற்கெனவே கழுவித் துடைத்து, காரில் ஏற்றிவிட்டாராம்.